களிற்றின் இடது முழங்கால்

நாச்சிமுத்துவுக்குத் தராசு தேவையில்லை. எந்த பைக்காக இருந்தாலும் சரி, பின்பக்கம் போய் நின்று, சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பார். பின்சக்கரம் தரையை விட்டு நாலு விரற்கடை எழும்பும். கண்ணை மூடிக்கொள்வார். "நூத்தி இருவத்தொண்ணு" என்பார். அதற்குப் பிறகுதான் கம்பெனிக்காரன் கொடுத்த காகிதத்தைப் பிரிப்பார்கள். அதிலும் நூற்றிருபத்தொன்று கிலோ என்றே இருக்கும். வேறு எண் இருந்தால் கம்பெனிக்காரன் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். 'இருசக்கரம்' பத்திரிகையின் வாசகர்கள் இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நம்பி வந்தார்கள். நாச்சிமுத்துவும் அப்படித்தான் நம்பி வந்தார்.

அன்று காலை கடம்பூர் மலையில் மூன்று புது எண்டியூரோ பைக்குகள் வரிசையாக நின்றன. கல், சேறு, ஓடை, மரவேர் எதிலும் ஏறி இறங்கவென்றே செய்த மின்சார வண்டிகள். முதலாவது 'சிட்டு': நூற்றாறு கிலோ, ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரம். அடுத்தது 'உடும்பு': நூற்றிருபத்தொன்று, நாலு லட்சத்து அறுபதாயிரம். மூன்றாவது 'களிறு': நூற்று முப்பத்துநாலு, மூன்றேமுக்கால் லட்சம். மூன்றையும் நாச்சிமுத்து சரியாகச் சொல்லிவிட்டார். களிற்றைத் தூக்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டார். அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

வழக்கமாக இந்த மாதிரி ஒப்பீடு, வாங்கப் போகிறவனும் வாங்க முடியாதவனும் சேர்ந்து படித்து மகிழ்வதற்காக எழுதுவது. இந்த முறை அப்படியில்லை. மலைக்கிராம நர்சுகளுக்கு அரசாங்கம் முந்நூறு வண்டி வாங்கப் போகிறது. அதற்கென்று அமைத்த குழு, இருசக்கரம் எதை முதலாவது என்று எழுதுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தது. நாச்சிமுத்து எழுதப்போகும் ஒரு வரியில் முந்நூறு பெண்கள் ஐந்தாறு வருஷம் மலை ஏறி இறங்குவார்கள். அதை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பெருமையும் நிறையப் பயமும் இருந்தன.

சிட்டை முதலில் எடுத்தார். பன்னிரண்டு கிலோமீட்டர் மண்தடம். சிட்டு பேருக்கேற்ற மாதிரி துள்ளியது, கல்லைக் கண்டால் குதித்தது. உடும்பு நல்ல பிள்ளை. சொன்னதைக் கேட்கும், ஆனால் சொன்னால்தான் கேட்கும். ஓடைக்கரையில் இரண்டு முறை சொல்ல மறந்தார், இரண்டு முறையும் புதருக்குள் போய் வந்தார்.

பிறகு களிறு. அதில் ஏறி இருநூறு மீட்டர் போவதற்குள் நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. நூற்று முப்பத்துநாலு கிலோ எங்கே போயிற்று? வளைவு வருகிறது என்று அவர் நினைப்பதற்குள் வண்டி சாய்ந்து கொடுத்தது. வழுக்குப் பாறையில் அவர் தடுமாறுவதற்கு முன்பே அது நிதானித்தது. இருபத்துநாலு வயதில் ஓட்டிய மாதிரி ஓட்டினார். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

"பானு, எழுதிக்கோ. களிறுதான் முதலாவது. இத்தனை வெயிட்டு வச்சுக்கிட்டு இப்படித் திரும்புற வண்டிய நான் பாத்ததே இல்ல. வெலையும் கம்மி. பேச்சே கெடையாது."

ஷகிலா பானு பத்திரிகையின் மெக்கானிக். ஒன்பது வருஷமாக அவர் ஓட்டிக் கெடுப்பதையெல்லாம் சரிசெய்து கொடுப்பவள். "அதுக்குள்ள எங்கீங்ணா எழுதறது? குழுவுல இருந்து ஒரு நர்சம்மா வர்றாங்க. அவங்களும் ஓட்டிப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க" என்றாள்.

நாச்சிமுத்துவின் முகம் சுருங்கியது. "அவங்களுக்கு என்ன தெரியும்?"

"மலையில ஓட்டப் போறது அவங்கதானுங்ளே."

நர்ஸ் மாதம்மாள் பழைய ஸ்கூட்டர் ஒன்றில் வந்து இறங்கினாள். வயது நாற்பதுக்குள். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. இந்த மலையில் பதினேழு குடியிருப்புகள் அவள் பொறுப்பு. கொண்டுவந்த தடுப்பூசிப் பெட்டியை நிழல் பார்த்து வைத்துவிட்டு மூன்று வண்டிகளையும் ஒரு சுற்று சுற்றி வந்தாள். சீட்டுக்கு அடியில் சோப்புக்கட்டி அளவுக்கு இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டி, "இது என்னங்க சார்?" என்று கேட்டாள்.

விளக்கம் சொல்வதென்றால் நாச்சிமுத்துவுக்குக் கோபமெல்லாம் பறந்துவிடும். "இது பழக்கப்பெட்டிங்க. நீங்க ஓட்ட ஓட்ட உங்களப் பாத்துக் கத்துக்கும். எந்த எடத்துல வெசையா போவீங்க, எங்க மெதுவா போவீங்க, எப்படிச் சாய்வீங்க, எப்பக் காலை ஊனுவீங்க, எல்லாத்தையும். ஒரு மாசத்துல வண்டி உங்க ஒடம்பு மாதிரி ஆயிரும்."

"எங்க ஊட்டுக்காரர் பதினாறு வருசமா என்னப் பாக்கறாரு. இன்னும் ஒண்ணும் கத்துக்கல. இது ஒரு மாசத்துல கத்துக்குமாங்க?"

பானு வாய்விட்டுச் சிரித்தாள். நாச்சிமுத்து தொடர்ந்தார்: "அதனாலதான் ஒப்பிட்டுப் பாக்கறப்ப மூணு பெட்டியும் காலியா இருக்கணுமுங்க. இல்லைன்னா வண்டியச் சோதிக்கறமா, அதுக்கு முன்னால ஓட்டுன ஆளச் சோதிக்கறமான்னே தெரியாம போயிரும்."

"மூணும் காலிதானுங்ணா. திரையில காலின்னுதான் காட்டுது" என்றாள் பானு.

மாதம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினாள். சிட்டு அவளுக்கு ஆகவில்லை. சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறி, வேலியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். உடும்பில் போய் இருபது நிமிஷத்தில் வந்தாள், "பரவால்லீங்க" என்றாள். களிற்றில் போனவள் திரும்பி வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. வந்து இறங்கியதும் வண்டியை ஒரு மாதிரி பார்த்தாள், தடுப்பூசி போட்ட இடத்தைத் தேய்க்கும் குழந்தையைப் பார்ப்பது போல.

"எப்படீங்க இருந்துச்சு?" என்று ஆவலோடு கேட்டார் நாச்சிமுத்து.

"பாவமுங்க. இந்த வண்டிக்கு எடது மொழங்கால்ல வலி இருக்குதுங்க சார்."

"வண்டிக்கா?" என்றார் நாச்சிமுத்து.

"நெசமாத்தானுங்க சொல்றேன். சோத்தாங்கைப் பக்கம் திரும்பறப்ப ஓடியோடிப் போகுது. எடது பக்கம்னா தயங்குது. எடது காலை ஊனப் போனேன், ஊன விடாம வண்டியே சோத்தாங்கைப் பக்கம் சாஞ்சுக்குச்சு. எங்கிட்ட மூட்டுவலின்னு வர்றவங்க நடக்கறது அப்படியேதானுங்க. ஜவ்வு கிழிஞ்சிருந்தா வலியில்லாத கால்லயே எல்லாப் பாரத்தையும் போடுவாங்க." அவள் குரல் கொஞ்சம் மாறியது. "இன்னொண்ணுங்க. இந்த மலையில மூணு பசங்க இதே கம்பெனியோட போன வருசத்து வண்டி வச்சிருக்காங்க. மூணு பேருமே ஒட்டுக்கா எங்கிட்ட வந்துட்டு இருக்காங்க. வலது இடுப்புல வலி. மாத்திரை குடுத்துக் குடுத்துப் பாத்துட்டேன். ஏன்னு இப்பத்தான் தெரியுது."

அவள் நாச்சிமுத்துவை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், சித்தெ அந்த மரம் வரைக்கும் நடந்துட்டு வாங்க."

"எதுக்குங்க?"

"சும்மா நடந்து காட்டுங்க."

மறுத்தால் சந்தேகம் வரும் என்று நாச்சிமுத்து நடந்தார். ஐந்து வருஷமாக அவர் அப்படித்தான் எல்லோர் முன்னாலும் நடந்து காட்டி வந்தார்: முதுகை நிமிர்த்தி, பேண்ட்டுக்குள் முழங்காலில் இறுக்கிக் கட்டிய பட்டை வெளியே தெரியாமல், ஒவ்வொரு அடியையும் எண்ணி வைத்து. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு பாறையில் விழுந்து இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. வெளியே சொன்னால் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் அவருக்குக் காப்பீடு கொடுக்காது. காப்பீடு இல்லாதவரைப் பத்திரிகை எந்த வண்டியிலும் ஏற்றாது. மனைவியிடம்கூட சுளுக்கு என்றுதான் சொல்லியிருந்தார். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறெதிலும் தான் லாயக்கில்லை என்பது அவருடைய திடமான கருத்து, மனைவியின் கருத்தும் அதுவே.

மரம் வரைக்கும் போய்த் திரும்பினார். மாதம்மாள் குனிந்து, கேட்காமல் கொள்ளாமல், பூட்ஸுக்கு மேலே முழங்காலின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள்.

"ஐயோ!" என்று அலறினார் நாச்சிமுத்து. பக்கத்துக் காட்டில் இரண்டு மயில்கள் எழுந்து பறந்தன.

"அதேதானுங்க" என்றாள் மாதம்மாள்.

பானு மடிக்கணினியைக் களிற்றோடு இணைத்தாள். கால் மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் காட்டும் 'காலி'க்கு அடியில், பூட்டுப் போட்ட இன்னோர் அடுக்கு இருந்தது. அதில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பழக்கம் ஏற்றியிருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் பழைய களிற்றை ஆறு மாதம் வைத்து, ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிச் சோதித்துப் பார்த்த ஆள் தமிழ்நாட்டில் ஒருவர்தான்.

"ஏனுங்ணா, இது நீங்கதான்" என்றாள் பானு. "உங்க மேலயேதான் இத்தனை நேரம் சவாரி போயிட்டு வந்திருக்கீங்க."

நாச்சிமுத்து அந்தக் கம்பெனிக்கு போன் போட்டார். எடுத்தவன் விற்பனைப் பிரிவில் இருக்கும் பிரணவ். குரலில் தேன் ஒழுகியது.

"கண்டுபிடிச்சுட்டீங்களா சார்? அது உங்களுக்கு நாங்க செய்ற மரியாதை சார்! உங்க பழக்கத்தை அடியில போட்டு அனுப்புனா, புதுசா ஓட்டறவங்ககூட முதல் நாளே கில்லாடி மாதிரி ஓட்டறாங்க. நீங்க அன்னைக்குக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல பதினாலாவது பக்கத்துல இருக்கு. இன்னைய தேதிக்குப் பதினோராயிரம் வண்டியில நீங்கதான் சார் ஓடிட்டு இருக்கீங்க!"

வெட்கத்தை விட்டுச் சொன்னால், முதலில் நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு விம்மியது. பதினோராயிரம் நாச்சிமுத்துகள்! ஊட்டியிலும் வால்பாறையிலும் போடியிலும் தன்னைப் போலவே சாய்கிறார்கள், தன்னைப் போலவே திரும்புகிறார்கள். அந்தச் சந்தோஷம் முழுசாக அரை நிமிஷம் நீடித்தது. பிறகு பதினோராயிரம் வலது இடுப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. போனை வைத்துவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

பானு மூன்று வண்டிகளின் பெட்டிகளையும் அடியோடு துடைத்தாள். மறுபடி ஓட்டினார்கள். இப்போது களிறு நூற்று முப்பத்துநாலு கிலோவாகவே இருந்தது. முதல் இடது வளைவிலேயே நாச்சிமுத்து மண்ணைக் கவ்வினார். விழுந்த வண்டியைத் தூக்க அவரும் பானுவும் சேர்ந்து தம் கட்ட வேண்டியிருந்தது.

மாதம்மாள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள், "இத்தனை நேரமா இதை யாருமே பாக்கலையேங்க" என்றாள். "மழையில, தனியா, ஆளில்லாத எடத்துல விழுந்தா வண்டிய யாருங்க தூக்கறது? நாந்தான தூக்கணும்?"

மூன்று வண்டிகளையும் ஒவ்வொன்றாகப் படுக்கவைத்தாள். சிட்டை அலுங்காமல் தூக்கி நிறுத்தினாள், ஆனால் ஏறி உட்காரத்தான் வேலி வேண்டியிருந்தது. களிறு அசையவே இல்லை. உடும்புக்கு முதுகைக் கொடுத்து, ஹேண்டிலை ஒரு கையிலும் பின்கம்பியை மறு கையிலும் பிடித்து, குந்திய நிலையிலிருந்து காலால் உந்தி எழுந்தாள். முகம் சிவந்தது. வண்டி நின்றது. ஏறி உட்கார்ந்தாள், இரண்டு கால்களும் தரையில் பதிந்தன.

"நான் இதுல போவேனுங்க" என்றாள்.

அவள் ஸ்கூட்டரில் கிளம்பிப் போன பிறகு பானு மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, உடும்பு முதலாவதுன்னு எழுதிடலாம். களிறு வெயிட்டு ஜாஸ்தி, தூக்க முடியாதுன்னு எழுதுனாப் போதும். மொழங்கால் விஷயம் நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்கட்டும். நர்சம்மா சொல்ல மாட்டாங்க."

நல்ல யோசனைதான். யாருக்கும் நஷ்டமில்லை, முந்நூறு நர்சுகளுக்கும் சரியான வண்டி கிடைத்துவிடும். நாச்சிமுத்து வேலையில் இருப்பார். அந்தப் பதினோராயிரம் பேர்தான் தங்களுக்கு ஏன் இடுப்பு வலிக்கிறது என்று தெரியாமல் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். நாச்சிமுத்து அன்று மத்தியானம் சாப்பாட்டைத் தொடவில்லை. அவர் சாப்பாட்டைத் தொடாமல் இருந்து பானு பார்த்ததே இல்லை.

கட்டுரை வெளிவந்தபோது அதன் முதல் வாக்கியம் இப்படி இருந்தது: 'என் இடது முழங்கால் ஐந்து வருஷமாகக் கெட்டுப்போயிருக்கிறது, களிறு வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதன் மேல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.'

பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். களிறு கம்பெனி முதலில் கொதித்தது, அப்புறம் சத்தமில்லாமல் எல்லா வண்டிகளிலும் அடி அடுக்கைத் துடைத்துவிட்டது. இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு வரியில் கடிதம் அனுப்பினார்கள். நாச்சிமுத்துவின் மனைவி இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவளே ஆஸ்பத்திரியில் தேதி வாங்கி வந்தாள். சோதனை ஓட்டும் வேலை பானுவுக்குப் போயிற்று. அவள் தராசு வாங்கிவிட்டாள்.

எதிர்பாராதது தொலைபேசி அழைப்புகள். வால்பாறையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "சார், எடது வளைவுல நான் பயப்படறேன்னு நெனச்சேன் சார். எனக்குத் தைரியம் பத்தலன்னு வண்டியை வித்துட்டேன். பயந்தது நானில்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றார். அவருக்கு அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன. ஆபரேஷன் முடிந்து காலை நீட்டிப் படுத்திருந்த நாச்சிமுத்து அப்படிப்பட்ட நானூறு அழைப்புகளுக்குப் பதில் சொன்னார். நானூறு பேரிடமும் மன்னிப்புக் கேட்டார். கேட்கக் கேட்க மனசு லேசானது.

நாலு மாதம் கழித்து, கோலில்லாமல் நடக்க ஆரம்பித்ததும், அவர் முதலில் போனது கடம்பூர் மலைக்குத்தான். முந்நூறு உடும்புகள் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அவர் வாழ்க்கையிலேயே தன் உடம்பை நம்பாமல் இன்னொருவர் பேச்சை நம்பி எழுதிய தீர்ப்பு அது ஒன்றுதான். சரியாகத்தான் எழுதினோமா என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மாதம்மாள் சுகாதார நிலைய வாசலில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். "வாங்க சார்! கால் எப்படீங்க இருக்குது? மரம் வரைக்கும் நடந்து காட்டுங்க" என்று சிரித்தாள். நடந்து காட்டினார். "பாஸ்" என்றாள். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா என்று அவர் கேட்டதும் சாவியை எடுத்து நீட்டினாள். "தாராளமாப் போயிட்டு வாங்க. நான் சாப்புட்டு முடிக்கறதுக்குள்ள வந்துருங்க."

உடும்பு அவரை ஏற்றிக்கொண்டு மண்தடத்தில் இறங்கியது. சாய்வதெல்லாம் இடமும் வலமும் ஒரே அளவு. நிம்மதியாக இருந்தது. முதல் குடியிருப்பு வந்ததும் வண்டி தானாக வேகம் குறைந்தது. ஒரு வீட்டு வாசலில் ஏறக்குறைய நின்றேவிட்டது. சத்தம் கேட்டு உள்ளிருந்து ஓடிவந்த பெண், கைக்குழந்தையின் சட்டையை ஏற்கெனவே தோளுக்கு மேல் சுருட்டிப் பிடித்திருந்தாள். நாச்சிமுத்துவைப் பார்த்ததும் விழித்தாள்.

"நர்சம்மா வரலீங்களா?"

"சாப்புட்டுட்டு இருக்காங்கம்மா. நான் சும்மா வண்டி பாக்க வந்தேன்" என்றார் நாச்சிமுத்து அசடு வழிய.

அடுத்த வளைவில் இன்னொரு வாசல். கட்டிலில் இருந்தவர் ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டிவிட்டு, ஆளைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த வண்டி கற்றுக்கொண்டது அவள் ஓட்டும் விதத்தை மட்டுமல்ல. முறுக்கினால் போகும்தான், ஆனால் அவர் முறுக்கவில்லை. அது நின்ற ஒவ்வொரு வாசலிலும் நின்றார், நர்சம்மா வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாவது முறை வண்டி நின்ற இடத்தில் வாசல் எதுவும் இல்லை. வீடும் இல்லை, பாதை பிரியவும் இல்லை. ஓடைக்கு மேலே ஒரு பலாமரம், அதன் கீழே ஒரு பட்டைக்கல், அவ்வளவுதான். மற்ற இடங்களில் மெதுவாகி நின்ற வண்டி இங்கே மோட்டாரையே அணைத்துக்கொண்டது. நாச்சிமுத்து இறங்கிப் பார்த்தார். சக்கரத்தில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. ஐந்து நிமிஷம் கழித்து மோட்டார் தானாக உயிர் பெற்றது.

திரும்பி வந்து சாவியைக் கொடுத்தார். "வண்டி அருமைங்க. ஒரே ஒரு கோளாறு. அந்தப் பலாமரத்துக்கிட்ட காரணமே இல்லாம அணைஞ்சு போகுது. பானுவை வந்து பாக்கச் சொல்றேன்."

டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்த மாதம்மாளின் கை நின்றது. காது வரை சிவந்தாள். பிறகு சிரித்தாள், ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"அதையுமா காட்டிக் குடுத்துருச்சு?" என்றாள். "கோளாறு இல்லீங்க சார். சில ஊட்டுக்குப் போயிட்டு வந்தா மனசு கேக்காதுங்க. எவ்வளவோ பாத்தும் காப்பாத்த முடியாமப் போயிருக்கும். அடுத்த ஊட்டுல அழுத மூஞ்சியோட போயி நிக்க முடியுமா? அதான், அந்தக் கல்லுல ஒரு அஞ்சு நிமிசம்."

நாச்சிமுத்து தலையாட்டினார்.

அன்று மாலை பத்திரிகைக்கு அவர் எழுதி அனுப்பிய குறிப்பில், உடும்பு நாலு மாதத்துக்குப் பிறகும் நன்றாகத் திரும்புகிறது என்றும், எடை ஒரு தொந்தரவாக இல்லை என்றும், கொடுத்த விலைக்குத் தகும் என்றும் இருந்தது. வண்டியை விற்கிறவர்கள் பழக்கப்பெட்டியைத் துடைத்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். ஏன் என்று கேட்டு பானு போன் செய்தாள். நாச்சிமுத்து காரணம் சொல்லவில்லை.